தூரமானிக் காமிரா



ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பார்த்ததுண்டா? இல்லையென்றால் இன்றிரவே பாருங்கள். நூலின் நுனி ஊசியின் காதுக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்பது புலப்படாமல் கை தடுமாறும். மூடிய கண்ணைத் திறந்த மாத்திரத்தில் அத்தடுமாற்றம் நீங்கிவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். ஒளியியல் பாடத்தை ஆண்டுதோறும் இந்த ஊசியோடுதான் தொடங்கி வந்தேன்.

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஆதலின் ஒரே பொருளை அவை சற்றே வேறுபட்ட இரு திசைகளிலிருந்து காண்கின்றன. பொருள் நெருங்க நெருங்க அவ்விரு திசைகளுக்கும் இடையேயுள்ள கோணம் பெரிதாகும். விலக விலகச் சிறிதாகும். இந்தக் கோணத்தை வைத்தே மூளை தூரத்தை மதிப்பிடுகிறது. கட்டை விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம்விட்டு இடம் தாவுவது போலத் தோன்றுகிறதே, அதுவும் இதனால்தான். நில அளவையாளர் ஆற்றைக் கடக்காமலே அதன் அகலத்தை அளப்பதும் இதே முக்கோண விதியைக் கொண்டுதான்.

இந்த விதியைத் தன் தலைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு காமிராவைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அதை ரேஞ்ச்பைண்டர் காமிரா என்பர். தூரத்தை அளந்து காட்டுவது ஆகையால் தூரமானிக் காமிரா என்று நாம் சொல்லலாம். பிலிமுக்குப் பதிலாக மின் ஒளியுணரியை உடைய அதன் டிஜிட்டல் வகையையே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்காமிராவின் நெற்றியில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும். ஒன்று பெரியது, அதன் வழியாகத்தான் நாம் காட்சியைக் காண்கிறோம். மற்றொன்று சிறியது; பெரியதிலிருந்து ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். சிறிய ஜன்னலில் புகும் ஒளி உள்ளேயுள்ள கண்ணாடிகளால் திருப்பப்பட்டு, பெரிய ஜன்னலில் நாம் காணும் காட்சியின் நடுவே ஒரு சிறு ஒளிக்கட்டமாக வந்து விழும். அக்கட்டத்துக்குள் மட்டும் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பினால், லென்ஸின் பின்புறத்து விளிம்பு காமிராவுக்குள் இருக்கும் ஒரு சிறு உருளையை முன்னும் பின்னும் தள்ளும். உருளை ஒரு நெம்புகோலின் நுனியில் இருப்பதால், அந்த அசைவு ஒளியைத் திருப்பும் உறுப்புக்குச் சென்று சேரும். இரண்டு உருவங்களும் நகர்ந்து நகர்ந்து ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தும் இடத்தில் லென்ஸ் அந்தத் தூரத்துக்குக் குவிந்திருக்கும். மின்சாரம் ஏதும் இதற்கு வேண்டியதில்லை.

கணக்கை விரும்பும் மாணவருக்காகச் சில எண்களைச் சொல்கிறேன். லைகா நிறுவனத்தின் எம் வரிசையில் 2009ஆம் ஆண்டு வந்த எம்9 காமிராவில் இரு ஜன்னல்களுக்கும் இடைப்பட்ட தூரம் 69.25 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தொலைவில் ஒருவர் நின்றால் அவரிடமிருந்து இரு ஜன்னல்களுக்கும் வரும் கதிர்களுக்கு இடையேயுள்ள கோணம் ஏறக்குறைய 4 பாகை. இரண்டு மீட்டரில் அது 2 பாகையாகும். பத்து மீட்டரில் 0.4, இருபது மீட்டரில் 0.2. முதல் ஒரு மீட்டர் விலகலில் இரண்டு முழுப் பாகைகள் மாறிய கோணம், பின்னர் பத்து மீட்டர் விலகியும் ஐந்தில் ஒரு பாகையே மாறுவதைக் கவனியுங்கள். அருகிலுள்ளதை இக்கருவி மிக நுட்பமாக அளக்கும். தொலைவிலுள்ளதை அவ்வளவு நுட்பமாக அளக்காது. தவிரவும், பார்வை ஜன்னல் காட்சியை 0.68 மடங்காகச் சுருக்கிக் காட்டுவதால் 69.25 மில்லிமீட்டர் என்பது பயன் அளவில் 47 மில்லிமீட்டர்தான். ஆகவேதான் இக்காமிராக்களில் 135 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குவியத் தூரமுள்ள லென்ஸ்களைத் தூரமானியோடு பொருத்திப் பயன்படுத்துவதில்லை. மரக்கிளையில் இருக்கும் மீன்கொத்தியைப் படமெடுக்க விரும்புவோர் வேறு காமிராவை நாடுவதே நல்லது.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்வேன். ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்னும் ஊரில் லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் என்பவர் உருவாக்கிய சிறு காமிரா 1925ஆம் ஆண்டு லைப்ஸிக் சந்தையில் வெளிவந்தது. லைகா என்பது அதன் பெயர். தூரமானியை லென்ஸோடு இணைத்த லைகா 1932ஆம் ஆண்டில் வந்தது. அவ்வாண்டிலேயே ஸைஸ் நிறுவனத்தாரின் காண்டாக்ஸும் வந்தது. 1954ஆம் ஆண்டின் லைகா எம்3 பார்க்கும் ஜன்னலையும் அளக்கும் ஜன்னலையும் ஒன்றாக்கியது. அன்று அமைந்த லென்ஸ் பூட்டு இன்றளவும் மாறவில்லை. 1954இல் செய்த லென்ஸை இன்றைய டிஜிட்டல் உடலில் மாட்டலாம். 1930களின் திருகு லென்ஸையும் ஒரு வளையத்தின் துணையால் மாட்டலாம். வாங்கிய பொருள் மூன்றாண்டில் பழையதாகிவிடும் இக்காலத்தில் இது வியப்புக்குரியதே.

பிரெஞ்சுப் படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாளின் பெரும் பகுதியில் இத்தகைய காமிராவையே கையாண்டார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துப் படமெடுத்தவர் அவர். அன்று மாலையே அடிகள் சுடப்பட்டார். 1950 ஏப்ரலில் ரமணரின் இறுதி நாட்களில் அவர் திருவண்ணாமலையிலும் இருந்தார். சத்தம் குறைந்த, கைக்கு அடக்கமான, கண்ணை மறைக்காத கருவியாக இது இருந்ததே அவர் போன்றோர் இதை விரும்பியதற்குக் காரணம்.

டிஜிட்டல் யுகம் வந்தபோது இக்காமிரா ஒரு பெருஞ்சிக்கலை எதிர்கொண்டது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் படிக்கும் விஞ்ஞானம் தொழிற்சாலையில் எப்படிக் குறுக்கே வந்து நிற்கும் என்பதற்கு இது நல்ல சான்று. லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் பிலிமுக்கும் இடையே இக்காமிராவில் 27.8 மில்லிமீட்டர்தான் இடைவெளி. இடையில் ஆடும் கண்ணாடி இல்லாமையால், அகன்ற காட்சியைத் தரும் லென்ஸ்களின் பின்பகுதி இன்னும் உள்ளே சென்று பிலிமை நெருங்கியே நிற்கும். ஆகவே ஓரங்களில் விழும் ஒளி மிகச் சாய்ந்து விழும். பிலிமுக்கு அதனால் பெருந்தீங்கில்லை. ஆனால் டிஜிட்டல் உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கிணறு போன்றது. உச்சி வெயிலில் கிணற்றின் அடிநீர் பளபளக்கும். காலை வெயிலில் சுவரின் மேற்பகுதி மட்டுமே வெளிச்சம் பெறும். அதைப் போலவே சாய்ந்த ஒளி உணரியின் அடியை எட்டாமல் போக, படத்தின் மூலைகள் இருண்டன.

1954க்குப் பின் எத்தனையோ லென்ஸ்கள் உலகெங்கும் பரவிக் கிடக்க, அவற்றுக்கேற்ற டிஜிட்டல் உடலைச் செய்ய முதலில் முன்வந்தது ஜப்பானின் எப்ஸன் நிறுவனம். 2004இல் வந்த ஆர்-டி1 தான் உலகின் முதல் டிஜிட்டல் தூரமானிக் காமிரா. அதில் ஷட்டரை ஆயத்தப்படுத்தப் பிலிம் காமிராவில் போலவே கட்டை விரலால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். எஞ்சிய படங்களின் எண்ணிக்கையைக் கடிகார முள் போன்ற முள் காட்டும். உணரி முழு பிலிம் அளவினும் சிறிது. ஆகையால் சாய்ந்த ஒளி விழும் ஓரங்கள் படத்துக்குள் வராமலே தப்பின. 2006இல் லைகா எம்8 வந்தது. அதில் உணரிப் புள்ளிகளின் மேல் அமைந்த நுண்ணிய லென்ஸ்களை ஓரத்துக்குச் செல்லச் செல்ல நடுவை நோக்கித் தள்ளி வைத்தார்கள். உணரியை மூடும் கண்ணாடி தடித்திருந்தால் சாய்ந்த கதிர் அதனுள் விலகிப் படத்தின் ஓரம் மங்கும் என்பதால் அக்கண்ணாடியையும் மெல்லியதாக்கினார்கள். ஒன்றைத் திருத்தப் போய் மற்றொன்று நேர்ந்தது. மெல்லிய கண்ணாடி அகச்சிவப்புக் கதிர்களைப் போதிய அளவு தடுக்கவில்லை. கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் படத்தில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமாகத் தோன்றின! லென்ஸின் முன்னால் வடிகட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொல்லி நிறுவனம் அதைச் சமாளித்தது. முழுப் பிலிம் அளவுடைய உணரியை, அதாவது 24க்கு 36 மில்லிமீட்டரை, எட்டியது 2009இன் எம்9.

அந்த எம்9 ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றது. சில ஆண்டுகளில் பலருடைய காமிராக்களில் உணரியின் மேற்கண்ணாடி ஈரத்தால் அரிக்கப்பட்டுப் படத்தில் புள்ளிகள் தோன்றலாயின. 2014இல் நிறுவனம் இதை ஒப்புக்கொண்டு உணரிகளை மாற்றித் தந்தது. பழைய எம்9 ஒன்றை யாரேனும் விற்க வந்தால், உணரி மாற்றப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். 2012இல் வண்ணமே காணாத கறுப்பு வெள்ளை உணரியும், 2017இல் உடல் மெலிந்த எம்10உம், 2022இல் 6 கோடி புள்ளிகள் கொண்ட எம்11உம் வந்தன. இவற்றின் விலையைக் கேட்டால் உங்களுக்குத் தலை சுற்றும், எனக்கும் சுற்றியது. வாங்குங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பெயருக்காகவே இதை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவோரிடம் எனக்கு மதிப்பும் இல்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் பழைய மாணவர் சிலர் சேர்ந்து, ஒருவர் உபயோகித்த டிஜிட்டல் தூரமானிக் காமிரா ஒன்றை எனக்குப் பரிசளித்தனர். இல்லையேல் என் ஓய்வூதியத்தில் அது எனக்குக் கிட்டியிராது.

இனிப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். ஒளிக்கட்டத்துக்குள் உருவங்கள் இடம் வலமாகவே பிரிகின்றன. ஆதலால் செங்குத்தான கோடு ஒன்றைத் தேடுங்கள். கதவு நிலை, தூண், முகமானால் மூக்கின் ஓரம் அல்லது கண்ணின் கருவிழி. வாசற்படி போன்ற கிடைக்கோடு மட்டுமே இருந்தால் காமிராவை நிமிர்த்திப் பிடித்து அளந்துவிட்டு மீண்டும் திருப்புங்கள். ஜன்னல் கம்பிகளிடம் எச்சரிக்கை வேண்டும். முதல் கம்பி இரண்டாம் கம்பியின் மேல் பொருந்தி நின்று, எல்லாம் சரியாக இருப்பது போல ஏமாற்றிவிடும். கம்பிகளை விட்டு நிலையின் விளிம்பை அளப்பதே தக்கது. இடது கை விரல் சிறிய ஜன்னலை மறைத்தால் ஒளிக்கட்டமே மறைந்துபோகும். புதியவர்கள் பலர் காமிரா பழுதென்று எண்ணுவது இதனால்தான்.

துவாரத்தை அகலத் திறந்து அருகிலுள்ளவரைப் படமெடுக்கையில் இன்னொரு பிழை நேரும். 50 மில்லிமீட்டர் லென்ஸை 1.4 துவாரத்தில் வைத்து ஒரு மீட்டர் தொலைவில் குவித்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தம் மூன்று சென்டிமீட்டர்தான். நடுக்கட்டத்தில் ஒருவருடைய கண்ணை வைத்து அளந்துவிட்டு, அவர் முகம் படத்தின் ஓரத்தில் வரும்படி காமிராவை 15 பாகை திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸ் குவிந்திருப்பது ஒரு மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு தளத்தில். திருப்பிய பின் அந்தத் தளத்தை நோக்கிய திசையில் கண்ணின் தூரம், ஒரு மீட்டரை 15 பாகையின் கோசைனால் பெருக்கிய அளவு, அதாவது 96.6 சென்டிமீட்டர். மூன்றரை சென்டிமீட்டர் குறைந்துவிட்டது! கண் மங்கிக் காது தெளிவாக விழும். திருப்பும்போதே உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்துக்கொண்டால் இது சரியாகும். கோசைன் எதற்கு உதவும் என்று கேட்ட மாணவனுக்கு அன்று என்னால் விடை சொல்ல இயலவில்லை; இன்று சொல்லிவிட்டேன்.

வீதியில் நடந்துகொண்டே எடுக்க வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் அளக்கத் தேவையில்லை. 35 மில்லிமீட்டர் லென்ஸை 8 என்னும் துவாரத்தில் வைத்து ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய இரண்டரை மீட்டர் முதல் அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். லென்ஸின் மேல் பொறித்துள்ள கோடுகளே இதைக் காட்டும். ஆனால் அக்கோடுகள் பிலிம் காலத்துச் சிறு அச்சுப்படங்களுக்காக வகுக்கப்பட்டவை. கோடிக்கணக்கான புள்ளிகளைத் திரையில் பெருக்கிப் பார்ப்பவருக்கு அத்தெளிவு போதாது. அவர் துவாரத்தை மேலும் ஒரு படி சுருக்கிக்கொள்ளட்டும். லென்ஸிலேயே ஒரு குணம் உண்டு. சிலவற்றில் கோளப் பிறழ்ச்சி காரணமாகத் துவாரத்தைச் சுருக்கும்போது குவியும் இடமே சற்றுப் பின்னுக்கு நகரும். ஸைஸ் நிறுவனத்தின் 50 மில்லிமீட்டர் சி சோனார் லென்ஸ் இக்குணத்துக்குப் பேர் பெற்றது. தூரமானி லென்ஸ் வழியே பார்ப்பதில்லை. ஆதலால் இதை அது அறியாது. உங்கள் லென்ஸின் குணத்தை நீங்களேதான் பழகி அறிய வேண்டும்.

லென்ஸ் வழியே பார்ப்பதில்லை என்றேன். இக்காமிராவின் சிறப்பும் ஆபத்தும் இதில்தான் அடங்கியிருக்கின்றன. படச்சட்டம் ஜன்னலுக்குள் ஒளிக்கோடுகளாகத் தெரியும்; கோட்டுக்கு வெளியேயும் காட்சி தெரியும். ஒருவர் சட்டத்துக்குள் நடந்து வருவதை முன்னரே காணலாம். ஷட்டர் திறக்கும் கணத்தில் கண்முன் இருள் பரவுவதில்லை. ஆனால் லென்ஸின் மேல் மூடி இருந்தாலும் ஜன்னலில் காட்சி பளிச்சென்று தெரியும்!

1987ஆம் ஆண்டு. எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு, எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் வந்திருந்தார். எண்பது வயதைக் கடந்தவர். சக ஆசிரியர் ஒருவரிடம் இரவல் வாங்கிய பிலிம் தூரமானிக் காமிராவால் அவரை நான் படமெடுத்தேன். அவர் மாணவர்களுக்குப் பரிசு கொடுப்பதையும், வேப்ப மரத்தடியில் அமர்ந்து மோர் அருந்துவதையும், என் தோளில் கை வைத்து நிற்பதையும், கடைசிப் படத்தைப் பியூனிடம் காமிராவைக் கொடுத்து, எடுத்து முடித்தேன். முப்பத்தாறு படங்கள். ஒவ்வொன்றிலும் இரு உருவங்களையும் கவனமாகப் பொருத்தினேன். ஸ்டூடியோக்காரர் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முதலிலிருந்து இறுதி வரை கண்ணாடி போல ஒன்றுமில்லாமல் இருந்தது. மூடியை நான் கழற்றவே இல்லை. அந்தக் காமிராவில் ஒளிமானியும் கிடையாது. என்னை எச்சரிக்க ஏதும் இல்லை.

கார்த்திகை மாதம் ஆசிரியர் காலமானார். அவர் மகன் என்னைத் தேடி வந்து, சுவரில் மாட்ட அப்பாவின் படம் வேறு ஒன்றும் வீட்டில் இல்லை, ஆண்டு விழாவில் எடுத்ததில் ஒன்று தர இயலுமா என்று கேட்டார். பிலிம் கெட்டுவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். மூடியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. இன்றுதான் முதன்முறையாக வெளியில் சொல்கிறேன். டிஜிட்டல் காமிரா இருந்திருந்தால் முதல் படத்திலேயே பின்திரை கறுத்துக் காட்டியிருக்கும் என்பீர்கள். உண்மை, ஆனால் அதையும் திரும்பிப் பார்க்க வேண்டும். இன்று நான் மூடியே போடுவதில்லை. லென்ஸின் முன்னால் ஒரு தெளிந்த வடிகட்டிக் கண்ணாடியைத் திருகி வைத்திருக்கிறேன். ஓர் எச்சரிக்கை: பிலிம் வகைகள் பலவற்றில் ஷட்டர் திரை துணியாலானது, மூடியில்லாமல் வெயிலை நோக்கிக் கிடந்தால் லென்ஸ் பூதக்கண்ணாடி போலாகித் துணியில் ஓட்டை போட்டுவிடும். டிஜிட்டல் வகைகளில் ஷட்டர் உலோகத் தகடு. எனினும் சில புதியவற்றில் காமிரா இயங்கும்போதெல்லாம் ஷட்டர் திறந்தே இருப்பதால், சூரியனை நோக்கி நிறுத்திவைப்பது நன்றன்று.

பராமரிப்பில் முதற்பகை தூசு. லென்ஸை மாற்றும்போது காமிராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, விரைந்து மாற்றுங்கள். காற்று வீசும் மொட்டை மாடியில் மாற்ற வேண்டாம். உள்ளே மேற்புறத்தில் தெரியும் சிறு உருளையை விரலால் தொடலாகாது. பழைய உள்ளிழுக்கும் லென்ஸ்களை டிஜிட்டல் உடலில் மாட்டிய பின் உள்ளே அழுத்தக்கூடாது. குழாய் உள்ளே மோதும். புதிய லென்ஸ்களின் பூட்டு வளையத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஆறு புள்ளிகள் இருக்கும். மாட்டியிருப்பது இன்ன லென்ஸ் என்று காமிரா அவற்றைக் கொண்டே அறியும். அவற்றில் அழுக்குச் சேரவிடாதீர்கள்.

உணரியில் தூசு உள்ளதா என்பதை அறிய, துவாரத்தை 16க்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுங்கள். தூசு மங்கிய புள்ளியாகத் தெரியும். படத்தின் மேல் இடது மூலையில் புள்ளி இருந்தால் உணரியில் தூசு எங்கே இருக்கும்? லென்ஸ் உருவத்தைத் தலைகீழாகவும் இடம் வலமாகவும் திருப்பிப் போடுகிறது. நாமோ உணரியை முன்புறமிருந்து பார்க்கிறோம். ஆகவே இடம் வலம் மீண்டும் ஒருமுறை மாறிப் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. எனவே தூசு கீழ் இடது மூலையில் இருக்கும். வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தவறுவர். ரப்பர் ஊதுகுமிழால் ஊதிப் பாருங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ஊதியும் போகாத கறையை அதற்கென உள்ள துடைப்பானால் பயின்றவர் துடைப்பதே நல்லது. லென்ஸையும் முதலில் ஊதி, பின் மெல்லிய தூரிகையால் தட்டி, அதன் பிறகே மென்துணியால் துடைக்க வேண்டும். துப்புரவுத் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணாடியின் மேல் நேரே விடாதீர்கள். வேட்டித் தலைப்பால் துடைக்கும் பழக்கத்தை நானே விடுவதற்குப் பல ஆண்டுகளாயின.

தூசை விடக் கொடியது பூஞ்சை. அதையும் பட்டே அறிந்தேன். சம்பளத்தில் சிறுகச் சேர்த்து வாங்கிய 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத் தோல் உறையிலிட்டு, துணிகளுக்கு இடையே மர அலமாரியில், அந்துருண்டைகளின் காவலில் பத்திரமாக வைத்தேன். ஒரு வடகிழக்குப் பருவமழை கழிந்து எடுத்துப் பார்த்தபோது உட்கண்ணாடியில் சிலந்தி வலை போலக் கிளைகள் படர்ந்திருந்தன. நான் செய்தவற்றில் எதுவும் சரியில்லை. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு உணவுமாகும். அந்துருண்டை, கற்பூரம் ஆகியவற்றின் ஆவி காமிராவுக்கு ஆகாது. பழுது நீக்குபவர் லென்ஸைப் பிரித்துப் பூஞ்சையை அகற்றினார். ஆனால் அது கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்ற தடம் அப்படியே இருக்கிறது. இன்றும் அந்த லென்ஸால் வெயிலுக்கு எதிராக எடுத்தால் புகை மூடியது போலப் படம் வெளுக்கும்.

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 70க்கு மேல் நீடித்து நின்றால் பூஞ்சை செழிக்கும். 40 முதல் 50 வரை இருப்பது லென்ஸுக்கு உகந்தது. அதற்கும் மிகக் குறைந்தால் உள்ளேயுள்ள மசகு உலர்ந்துபோகும். மின்சாரத்தால் இயங்கும் உலர் பெட்டிகள் கடைகளில் உண்டு. வசதியில்லாதவர் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு சிறு ஈரமானி ஆகியவற்றைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைப்பது போலக் காமிராவையும் புதைக்கச் சிலர் யோசனை கூறுவர். அரிசித் தவிடும் மாவும் இடுக்குகளில் புகுவதே அதன் பயன். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வரும்போது காமிராவைப் பையை விட்டு உடனே எடுக்காமல் அரைமணி நேரம் பொறுங்கள். இல்லையேல் குளிர்ந்த கண்ணாடியில் பனி படியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடிக்கடி உபயோகியுங்கள். மாதக்கணக்கில் வைக்க நேர்ந்தால் மின்கலத்தைப் பாதி நிரப்பிக் கழற்றி வையுங்கள்.

காமிரா கீழே விழுந்தாலோ வண்டியில் வெகுதூரம் குலுங்கி வந்தாலோ தூரமானி பிசகியிருக்கக்கூடும். நிலவைக் கொண்டு சோதிக்கலாம். லென்ஸை முடிவிலிக் குறியில் நிறுத்தி நிலவைப் பாருங்கள். கட்டத்துக்குள் இரண்டு நிலவுகளும் ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் தூர அளவு பிசகியது. ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால் கண்ணாடி சாய்ந்தது. அருகுக்குச் சோதிக்க, அளவுகோல் ஒன்றை மேசைமேல் சாய்த்து வைத்து, நடு எண்ணில் குவித்து, துவாரத்தை முழுதும் திறந்து படமெடுங்கள். பெருக்கிப் பார்த்தால் எந்த எண் தெளிவாக விழுந்தது என்பது தெரியும். இரண்டு லென்ஸ்கள் ஒரே பக்கமாகப் பிசகினால் குற்றம் பெரும்பாலும் உடலில். ஒன்று மட்டும் பிசகினால் அந்த லென்ஸில். திருகாணியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு கைதேர்ந்தவரிடம் கொடுங்கள்.

ஐப்பசி பிறந்ததும் நான் சிலிக்கா ஜெல்லைச் சோதிப்பேன். நீல மணிகள் ஈரம் உறிஞ்சிய பின் இளஞ்சிவப்பாகிவிடும். ஆரஞ்சு நிற வகை பச்சையாகும். சிவந்த மணிகளைப் பழைய இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் மெல்லப் புரட்டினால் ஈரம் போய் நீலம் திரும்பும். அந்த நீலத்தைத் தருவது கோபால்ட் உப்பு. அது நஞ்சாதலால் சட்டியைப் பின்னர்ச் சமையலுக்கு எடுக்கலாகாது. அதன் பிடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிப் பரணில் வேறாக வைத்திருக்கிறார் என் மனைவி.